விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கணினி மக்கர் செய்கிறதா? ஃபார்மட் போடும் முன் செய்ய வேண்டியவை

கடலூரிலும் புதுச்சேரியிலும் அப்டேட்டுக்குப் பிறகு கணினி படுத்துவிட்டது என்று கடையில் சொன்னால், பாதிக் கதை கேட்பதற்குள் பதில் வந்துவிடும்: "ஃபார்மட் போட்டுடலாம் சார்." அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. எங்கள் வீட்டுக் கணினிக்கும் இதே வைத்தியம்தான் சொல்லப்பட்டது. கடைக்காரருக்கு அது அரைநாள் வேலை, காரணம் தேட வேண்டியதில்லை. நமக்குத்தான் டேலி கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் எல்லாம் கேள்விக்குறி. கடைசியில் ஃபார்மட் இல்லாமலேயே சரியானது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாகச் சொல்ல யாரும் இல்லாமல் நிறையவே அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இது விண்டோஸ் 10, 11 வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கு. மெனுப் பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே ஆங்கில உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஆபத்து குறைந்தது முதலில், ஃபார்மட் கடைசியில்.

1. முதலில் பொறுங்கள், மின்சாரத்தைக் கவனியுங்கள்

திரையில் 35 சதவீதம் என்று நின்றுவிட்டது, வட்டம் மட்டும் சுற்றுகிறது. இந்த இடத்தில்தான் பலர் சுவிட்சை அணைக்கிறார்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் பெரிய அப்டேட் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுப்பது சாதாரணம். கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். மூன்று மணி நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் சதவீதமும் நகராமல், விளக்கும் அசையாமல் இருந்தால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள்.

நம் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் பல மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தும் நாளை முந்தைய நாளே செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள். அன்று காலை கணினியைத் திறந்து "அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்" அழுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். டெஸ்க்டாப்புக்குப் போடும் 600 விஏ யூபிஎஸ் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும், கோப்பைச் சேமித்துவிட்டு அணைக்கத்தான் அது. அப்டேட் முழுக்க ஓடுவதற்கு வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பு இருக்க வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்டேட் முடிந்து ஏதோ சரியில்லை என்று பட்டால் "ஷட் டவுன்" செய்து திறப்பதைவிட "ரீஸ்டார்ட்" கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால் ஷட் டவுன் முழுதாக அணைப்பதில்லை, பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துத் திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தாலே சின்னச் சின்னத் தொல்லைகள் போய்விடுவதுண்டு.

இதோடு ஒரு கடலோரச் சங்கதி. ரீஸ்டார்ட் ஆனதும் திரையே வராமல் பீப் பீப் என்று சத்தம் மட்டும் வந்தால் அப்டேட்டைத் திட்டாதீர்கள். உப்புக்காற்றில் ரேம் (கணினிக்குள் செருகியிருக்கும் நினைவகப் பலகை) முனைகளில் படலம் படிவது இங்கே வழக்கம். கணினியை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பச் செருகினால் போதும். பயமாக இருந்தால் கடையில் செய்யச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. இதற்கு ஃபார்மட் தேவையே இல்லை.

2. எந்த அப்டேட் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்

கணினி திறக்கிற நிலையில் இருந்தால் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி என்று போங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கேபி என்று தொடங்கும் ஏழு இலக்க எண் இருக்கும். தொல்லை தொடங்கிய நாளுக்கு முன்னால் இறங்கியது எது என்று பார்த்து, அந்த எண்ணையும் தேதியையும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். அந்த எண்ணை வைத்துத் தேடினால் மைக்ரோசாஃப்ட்டின் பக்கத்திலேயே "தெரிந்த கோளாறுகள்" என்ற பகுதி கிடைக்கும். உலகம் முழுக்க அதே தொல்லை என்றால் தீர்வும் அங்கே இருக்கும், அல்லது தீர்வு வரும்வரை என்ன செய்யலாம் என்றாவது இருக்கும்.

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு, ஆகவே புதன் காலையில் கணினியைத் திறக்கும்போதுதான் பெரும்பாலும் இறங்கத் தொடங்கும். இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில் விழும். வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், மாதம்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி. கெடுவுக்கு முந்தைய நாள் அப்டேட் போட்டு, டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) வேலை செய்யாமல் திண்டாடுவது தேவையில்லாத தலைவலி. அந்த வாரம் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். எப்படி என்று கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

3. நீலத் திரையில் 48 இலக்கம் கேட்டால்

இதுதான் மிகவும் பயமுறுத்துவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணினியைத் திறந்ததும் நீலத் திரையில் "பிட்லாக்கர் ரெக்கவரி" என்று வந்து ஒரு சாவியைக் கேட்கும். அது ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். இது வைரஸ் அல்ல, யாரும் பணம் கேட்டுப் பூட்டவும் இல்லை. பிட்லாக்கர் என்பது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. உங்கள் ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. அப்டேட் ஏதோ ஒன்றை மாற்றியதால் கணினி உங்களைச் சந்தேகப்பட்டுச் சாவி கேட்கிறது. 2024 ஜூலை அப்டேட்டிலும், விண்டோஸ் 10-இன் 2025 மே அப்டேட்டிலும் சில கணினிகளில் இப்படி நடந்ததை மைக்ரோசாஃப்ட்டே ஒப்புக்கொண்டது.

"நான் எதையும் பூட்டவே இல்லையே" என்பீர்கள். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்குப் போட்டு நுழைந்தாலே ஹோம் பதிப்பில்கூட இது தானாக இயங்கிவிடலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது இது இன்னும் பரவலாகிவிட்டது.

செய்ய வேண்டியது: ஃபோனில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் தளத்துக்குப் போய், கணினியில் எந்த மின்னஞ்சல் இருந்ததோ அதே மின்னஞ்சலால் நுழையுங்கள். "டிவைசஸ்" பகுதியில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் பிட்லாக்கர் ரெக்கவரி கீ தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால் குழம்ப வேண்டாம். நீலத் திரையில் கீ ஐடி என்று ஒன்று காட்டும், அதன் முதல் எட்டு எழுத்துகள் எந்தச் சாவியோடு பொருந்துகிறதோ அதுதான் உங்களுடையது. 48 இலக்கத்தையும் நிதானமாக அடியுங்கள்.

இங்கே எல்லோரும் சிக்கும் இடம் அந்த மின்னஞ்சல். லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரமாக ஒரு கணக்கைத் திறந்து கொடுத்திருப்பான். அல்லது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் லீவில் வந்தபோது தன் கணக்கைப் போட்டு செட்டப் செய்திருப்பார். உங்கள் கணக்கில் சாவி இல்லை என்றால் அவர்களுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கில் நுழைந்திருந்தால் சாவி அந்த நிறுவனத்தின் கணக்கில் இருக்கும், அங்கே கணினிப் பிரிவைக் கேட்க வேண்டும்.

சாவி எங்கேயும் இல்லையா? அந்த டிஸ்க்கில் இருப்பதை மைக்ரோசாஃப்ட்டாலேயே எடுத்துத் தர முடியாது. "எட்டாயிரம் கொடுங்க, பிட்லாக்கரை உடைச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடைக்க முடிந்தால் பூட்டு எதற்கு? அந்த நிலையில் மட்டும் ஃபார்மட்தான் வழி.

இப்போது கணினி நன்றாக இருக்கிறது என்றால் இன்றைக்கே அந்தச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் வைக்கிற ஃபைலில் சேர்த்து வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமிப்பதில் பயனில்லை.

4. கணினி திறக்கவே மாட்டேன் என்றால்

கம்பெனி லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. அல்லது கறுப்புத் திரை.

கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் விண்டோஸ் சாவி, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். இது கிராஃபிக்ஸ் டிரைவரை மறுபடி தொடங்கும், ஒரு பீப் கேட்கும். பயனில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க்கில் எக்ஸ்ப்ளோரர் என்று அடித்துப் பாருங்கள்.

அதுவும் இல்லை என்றால் மீட்புத் திரைக்குப் போக வேண்டும். கணினியைத் திறந்து லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதையே திரும்பச் செய்யுங்கள். அடுத்த முறை திறக்கும்போது "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று தானாக வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போங்கள்.

முதலில் "ஸ்டார்ட்அப் ரிப்பேர்". பெரிதாக ஒன்றும் செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லை. அடுத்து "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". இதில் இரண்டு தேர்வுகள் இருக்கும்: லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட், லேட்டஸ்ட் ஃபீச்சர் அப்டேட். மாதாந்திர அப்டேட்டால் வந்த வினை என்றால் குவாலிட்டியைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. திறக்காத கணினிகள் பெரும்பாலும் இந்தப் படியிலேயே எழுந்துவிடும், ஆனாலும் கடைகளில் இதை யாரும் முயன்று பார்த்து நான் கண்டதில்லை. அதற்கும் அசையவில்லை என்றால் "சிஸ்டம் ரீஸ்டோர்", முன்பு சேமித்த ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தால்.

மீட்புத் திரையில் கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லையா? 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டில் சரியாக இதுதான் நடந்தது. யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் மீட்புத் திரையில் மட்டும் செத்துக் கிடந்தன. அக்டோபர் 20-ஆம் தேதி அவசரத் திருத்தம் விட்டார்கள். அப்படிப்பட்ட நிலையில் லேப்டாப்பின் சொந்த கீபோர்டையோ, பழைய வட்ட முனை கீபோர்டையோ முயலுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து கணினியைத் திறந்து, "ரிப்பேர்" வழியாக அதே இடத்துக்குப் போகலாம். பென்டிரைவிலிருந்து திறக்க அழுத்த வேண்டிய சாவி டெல், லெனோவா, ஏசரில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸில் எஸ்கேப்.

சேஃப் மோடு (அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் திறக்கும் முறை) அதே மீட்புத் திரையில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் இருக்கிறது, ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு 4 அழுத்த வேண்டும், இணையமும் வேண்டும் என்றால் 5. சேஃப் மோடில் கணினி ஒழுங்காகத் திறந்தால் விண்டோஸ் பிழைத்திருக்கிறது, ஏதோ டிரைவரோ தனியாகப் போட்ட ஆன்டிவைரஸோதான் குறுக்கே நிற்கிறது. அந்த ஆன்டிவைரஸை நீக்கிவிட்டுச் சாதாரணமாகத் திறந்து பாருங்கள்.

5. திறக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை

கோப்புகள் காணோம்: டெஸ்க்டாப்பில் இருந்ததெல்லாம் மறைந்துவிட்டால் முதலில் ஒன்டிரைவை (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடம்) பாருங்கள். பெரிய அப்டேட் முடிந்ததும் "உங்கள் கணினியை அமைத்து முடிப்போம்" என்ற மாதிரி ஒரு திரை வரும். அதில் கண்ணை மூடிக்கொண்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் அழுத்தினால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் இரண்டும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்ந்துவிடலாம். இலவச இடம் 5 ஜிபிதான், நிரம்பியதும் காசு கேட்கும். கோப்புகள் அழிந்திருக்காது. சி டிரைவில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஒன்டிரைவ் என்று போய்த் தேடுங்கள். அங்கும் இல்லாமல், வால்பேப்பர் முதற்கொண்டு எல்லாம் புதுசாக இருந்தால் தற்காலிக ப்ரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள். 2020 பிப்ரவரியில் ஒரு விண்டோஸ் 10 அப்டேட் பலருக்கு இதைச் செய்தது. அந்த நிலையில் புதிதாக எதையும் சேமிக்காமல் சில முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பாவிட்டால் அந்த அப்டேட்டை நீக்குங்கள்.

வைஃபை இல்லை: வைஃபை டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆண்ட்ராய்டு ஃபோனைச் சார்ஜ் கேபிளில் கணினியோடு இணைத்து, ஃபோன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் கணினிக்கு இணையம் கிடைத்துவிடும். அப்புறம் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் "ரோல் பேக் டிரைவர்" கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு டிரைவரை இறக்குங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் எதையும் தொடாதீர்கள். நெட்வொர்க் ரீசெட் கொடுக்கும் முன் வைஃபை பாஸ்வேர்டு தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சேமித்ததெல்லாம் போய்விடும்.

சத்தம் இல்லை: டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். டிவியோ மானிட்டரோ எச்டிஎம்ஐயில் இணைந்திருந்தால் சத்தம் அங்கே போய்க்கொண்டிருக்கும்.

பிரிண்டர்: பிரிண்ட் கொடுத்தால் ஒன்றும் வராமல் பிடிஎஃப் சேமிக்கச் சொல்கிறது என்றால் டிஃபால்ட் பிரிண்டர் மாறியிருக்கிறது. பிரிண்டர்ஸ் பக்கத்தில் "டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸ் நிர்வகிக்கட்டும்" என்பதை அணைத்துவிட்டு உங்கள் பிரிண்டரை நீங்களே தேர்ந்தெடுங்கள். வரிசையில் பழைய வேலைகள் சிக்கிக் கிடந்தால் சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் வராவிட்டால் பிரிண்டரை நீக்கி, நிறுவனத்தின் டிரைவரோடு திரும்பச் சேருங்கள்.

தமிழ்த் தட்டச்சு: விண்டோஸ் சாவியையும் ஸ்பேஸையும் அழுத்திப் பாருங்கள். பட்டியலில் தமிழ் இல்லை என்றால் செட்டிங்ஸில் டைம் அண்ட் லேங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டுகளில் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். தனியாக நிறுவிய தட்டச்சுச் செயலி தானாகத் தொடங்கவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் இயக்கிவிடுங்கள்.

ரொம்ப மெதுவாக இருக்கிறது: முதல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் கோப்புகளைத் திரும்ப அட்டவணைப்படுத்தும், டிஃபெண்டர் சோதனை போடும். ஓரிரு நாள் ஆகியும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டிக்கு (சுழலாத, வேகமான டிஸ்க்) மாற்றுவதில் செலவு செய்யலாம், திரும்பத் திரும்ப ஃபார்மட் போடுவதில் வேண்டாம்.

6. அப்டேட் இறங்கவே மறுத்தால்

பெரும்பாலும் இடப் பற்றாக்குறை. பிழை எண்ணின் கடைசி எட்டு இலக்கம் 80070070 என்றால் சந்தேகமே வேண்டாம். சி டிரைவில் 20 ஜிபியாவது காலி வையுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய்ச் சுத்தம் செய்யலாம். ஆனால் அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்பதும் இருக்கும், அதில் டிக் விழுந்தால் நீங்கள் இறக்கி வைத்த சான்றிதழ்கள், ஹால் டிக்கெட்டுகள் எல்லாம் போய்விடும். "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" என்பதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள், காரணம் அடுத்த பகுதியில்.

இடம் இருந்தும் இறங்கவில்லை என்றால் விண்டோஸ் அப்டேட் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிஸ்டம் ஃபைல் செக்கர் என்ற கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் உதவிப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடினால் இரண்டு கட்டளைகள் கிடைக்கும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் முதலில் டிஐஎஸ்எம், அது முடிந்ததும் எஸ்எஃப்சி என்று அங்கே இருக்கிறபடியே ஒட்டுங்கள். வீடியோக்களைப் பார்த்து நீளமான கட்டளைகளை அடிப்பதைத் தவிருங்கள், அவற்றில் சில, தேவையான சேவைகளை நிரந்தரமாக முடக்கிவிடும்.

7. திரும்பிப் போக 10 நாள்தான்

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறினாலோ, 11-க்குள்ளேயே ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு முழுதாக மாறினாலோ பழைய விண்டோஸ் ஒரு ஃபோல்டரில் சேமிக்கப்பட்டிருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் "கோ பேக்" அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். கோப்புகள் இருக்கும், மாறிய பின் நிறுவிய செயலிகளும் செட்டிங்ஸில் செய்த மாற்றங்களும் போகும்.

ஆனால் இதற்குக் கெடு 10 நாள். அதற்குப் பிறகு பழைய விண்டோஸை அதுவே அழித்துவிடும். "ரெண்டு வாரம் பார்ப்போம், சரியாகிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கேனர், பிரிண்டர், டேலி, டோக்கன் என்று உங்களுக்கு வேண்டியதையெல்லாம் முதல் வாரத்திலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இடம் சுத்தம் செய்கிறேன் என்று அந்தப் பழைய ஃபோல்டரை அழித்தாலும் வழி அடைந்துவிடும்.

8. ரிப்பேர், ரீசெட், ஃபார்மட்: மூன்றும் ஒன்றல்ல

விண்டோஸ் 11-இல் ரெக்கவரி பக்கத்திலேயே "விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்" என்ற பொருளில் ஒரு தேர்வு உண்டு, பக்கத்தில் "ரீஇன்ஸ்டால் நவ்" என்ற பட்டன். இது விண்டோஸை மட்டும் திரும்ப நிறுவும். கோப்பு, செயலி, செட்டிங்ஸ் மூன்றும் அப்படியே இருக்கும். விண்டோஸ் 10-இல் மீடியா கிரியேஷன் டூலை வைத்து இதையே செய்யலாம். ஃபார்மட்டுக்கு முன் இதைக் கட்டாயம் முயலுங்கள்.

"ரீசெட் திஸ் பிசி" அடுத்தது. "கீப் மை ஃபைல்ஸ்" என்றால் கோப்புகள் தங்கும், செயலிகள் எல்லாம் போகும். அதில் கிளவுட் டவுன்லோட் தேர்ந்தெடுத்தால் சுமார் 4 ஜிபி இறங்கும். நாளுக்கு ஒன்றரை ஜிபி மொபைல் பிளானில் இதைத் தொடங்காதீர்கள்.

ஃபார்மட் என்றால் எல்லாம் போகும். அந்த நிலை வந்தால், போடும் முன் டேலி டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று டேலிக்குள்ளேயே பார்த்து நகலெடுங்கள். அது டாக்குமெண்ட்ஸில் இருக்காது, "டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ரெண்டும் எடுத்துட்டேன்" என்று கடையில் சொன்னால் டேலி அதில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

9. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால்

வாரண்டி இருந்தால் முதலில் நிறுவனத்தின் இலவச எண்ணை அழையுங்கள். லேப்டாப்பின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும், வாங்கிய பில்லும் கையில் இருக்கட்டும். உப்புக்காற்றில் அந்த ஸ்டிக்கர் அழிந்துவிடும், இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

வாரண்டி முடிந்திருந்தால் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் பக்கமும், புதுச்சேரியில் நேரு வீதி, அண்ணா சாலை, காமராஜர் சாலைப் பக்கமும் நிறையக் கடைகள் உண்டு. கொண்டு போக வேண்டியவை: சார்ஜர், இரண்டாம் பகுதியில் எடுத்த கேபி எண்ணின் படம், திரையில் வந்த பிழையின் படம், பிட்லாக்கர் சாவி. சாவியை எழுதிக் கொடுத்துவிட்டு வராமல், தேவைப்படும்போது ஃபோனில் சொல்லுங்கள்.

விண்டோஸ் மட்டும் போட்டுத் தர நான் விசாரித்த இடங்களில் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் கேட்டார்கள். பில் போட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. டேட்டா எடுத்துத் தருவது வேறு கணக்கு, ஆயிரங்களில் போகும். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கணினியை விட்டுவிட்டு வருவதானால் ஜாப் ஷீட் (கணினியைப் பெற்றுக்கொண்டதற்குக் கடை தரும் சீட்டு) வாங்காமல் வராதீர்கள். மாடல், சீரியல் எண், ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்பது அதில் இருக்க வேண்டும். பிரௌசரில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுப்பதும் நல்லது, குடும்பப் படங்கள் அதில்தானே இருக்கின்றன.

இன்னொரு பெரிய பொறி. லேப்டாப்போடு வந்த அசல் விண்டோஸ் ஹோம் பதிப்பின் உரிமம் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோம் பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும், காசு தேவையில்லை. ஆனால் சில கடைகளில் பழக்கதோஷத்தில் ப்ரோ பதிப்பைப் போட்டு, கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்யும் மென்பொருளையும் ஓட்டிவிடுகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை விட்டுவிட்டுத் திருட்டு விண்டோஸில் உட்கார்ந்திருப்பீர்கள். "அதே ஹோம் பதிப்புதான் வேணும்" என்று சொல்லிவிடுங்கள். லேப்டாப்போடு வந்த ஆஃபீஸும் அப்படித்தான், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும், அங்கிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஜாப் ஷீட் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

திரையில் "மைக்ரோசாஃப்ட் உதவி, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று சத்தத்தோடு வந்தால் அது ஏமாற்று. உண்மையான விண்டோஸ் பிழைத் திரையில் ஃபோன் எண் இருக்காது. எனிடெஸ்க் (தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் செயலி) போடச் சொல்லும் யாருக்கும் கணினியைத் திறந்து கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

10. அடுத்த இரண்டாம் செவ்வாய்க்கு முன்

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "பாஸ் அப்டேட்ஸ்" இருக்கிறது, ஐந்து வாரம் வரை தள்ளிப்போடலாம். நான் ஒரு வாரம் மட்டும் தள்ளுவேன். அதற்குள் அந்த மாத அப்டேட்டில் கோளாறு இருந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். மொத்தமாக நிறுத்தி வைப்பது வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 22எச்2 பதிப்பில் இருந்தால் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் பட்டன் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டாலர். பழைய கணினியில் தடையைத் தாண்டி "விண்டோஸ் 11 போட்டுத் தர்றேன்" என்று கடையில் சொன்னால் யோசியுங்கள். 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

கடைசியாக, கணினி நன்றாக இருக்கும்போதே 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் செய்து வையுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலிப் பென்டிரைவாகப் பாருங்கள். செய்து முடித்ததும் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "விண்டோஸ், தொடாதே" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே யாராவது அதை அழித்துச் சினிமா ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.